வைனி சொன்ன தேதி

– வைனி, வரிசை நகருது பாரு. கல்யாணம் பதிய வந்தவ மாதிரி கொஞ்சம் சிரிச்ச முகமா இரு புள்ள.

– நாலு புள்ள பெத்தாச்சு. இனிமே என்னய்யா கல்யாணப் பொண்ணு முகம்?

– அந்தப் புள்ளைகளுக்காகத்தான வந்திருக்கோம். அடிமையா இருந்தப்ப சேர்ந்தது கல்யாணமே இல்ல, மூத்தவ டெம்பிக்குச் சட்டப்படி அப்பனே கிடையாதுன்னு பழைய எசமான் பிராட்வெல் மனு குடுத்திருக்கான். அநாதையாம். இருபத்தொரு வயசு வரைக்கும் அவன் வீட்டு வேலைக்கே எழுதிக் குடுக்கணுமாம்.

– அநாதையா? அவ அப்பன் இங்க ஆறடிக்கு நிக்கறானே.

– அதக் காகிதத்துல காட்டத்தான் இந்த வரிசை.

– நமக்கு விடுதலை கெடச்சு வருஷம் ஒண்ணாச்சு. இன்னும் எசமான்னே நெனப்பு அவனுக்கு.

– நெனச்சுக்கட்டும். ஏப்ரல்ல வாஷிங்டன்ல சட்டம் போட்டாச்சு. நாமளும் இந்த நாட்டுக் குடிமக்க. கோர்ட்டுல சாட்சி சொல்லலாம், வழக்குப் போடலாம். சர்ச்சுல போதகர் வாசிச்சப்ப ரெண்டாந்தரமும் வாசிக்கச் சொன்னேன்ல.

– மூணாந்தரமும் கேட்ட. பின்னால இருந்தவங்க உன்னை உக்காரச் சொன்னாங்க.

– அடுத்தது யாரு? வாங்க. பேரு?

– ஐஷம், எழுத்தரய்யா. இவ வைனி.

– குடும்பப் பேரு பிராட்வெல்தானே?

– அது அவரு பேருங்க. எங்களுது மேஃபீல்டு. நாங்களே பாத்து வச்சுக்கிட்டது.

– சரி, மேஃபீல்டு. எத்தனை வருஷமா சேர்ந்து வாழறீங்க?

– பத்தொம்போது வருஷங்க. பருத்தி எடுப்பு முடிஞ்ச அன்னிக்கு, ‘இனிமே நீ ஐஷம் குடிசையில இரு’ன்னு எசமான் இவகிட்ட சொன்னாரு.

– அப்ப ஆயிரத்து எண்ணூத்தி நாப்பத்தேழு, அக்டோபர்னு எழுதறேன்.

– எழுதாதீங்க.

– வைனி, என்ன புள்ள இது? டெம்பிய நெனச்சுப் பாரு.

– இந்தாம்மா, பின்னால அறுபது பேரு நிக்கறாங்க. இவன் உன் புருஷனா இல்லையா?

– புருஷன்தாங்க. தேதிதான் தப்பு. எசமான் போகச் சொன்னாரு, போனேன். என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. ரெண்டு வருஷம் இந்த மனுசனுக்கு நான் முகங்குடுத்துப் பேசல.

– அது நெசம்ங்க. தண்ணி கேட்டா வாளியக் காட்டுவா.

– அப்புறம் இவரப் பதினாலு மைல் தள்ளி வித்துட்டாங்க. தொல்லை விட்டுச்சுன்னு இருந்தேன்.

– இத எங்கிட்ட நீ சொன்னதே இல்லையே.

– அனுமதிச் சீட்டு இல்லாம ரோட்டுல ஆம்புட்டா சவுக்கடிங்க. அது தெரிஞ்சும், வித்துப் போன மூணாவது ஞாயிறு நடந்தே வந்து வாசல்ல நின்னாரு. ‘உள்ள வரலாமா’ன்னு கேட்டாரு. டெம்பி பொறந்தது அதுக்கு அடுத்த வருஷம்.

– சரி, நான் எந்தத் தேதியப் போட?

– அந்த ஞாயித்துக்கிழமையப் போடுங்க. என்னைய ஒருத்தர் கேட்டதும், நான் சரின்னு சொன்னதும் அன்னிக்குத்தான்.