மூணு விசாவும் ஒரு கையெழுத்தும்

— இப்போதைக்குப் பழைய விசாவையே புதுப்பிச்சுக்கலாம், பிம். மத்ததை அப்புறம் பார்க்கலாம்.

— ஏங்க, உங்களைக் கட்டிக்கிட்டு தாய்லாந்துல இருந்து ஜப்பானுக்கு வந்து நாலு வருஷம் ஆச்சு. நாலு வருஷமா இந்த 'இப்போதைக்கு'வைத்தான் கேட்டுட்டிருக்கேன். ரின் பிறந்தப்போ ஆஸ்பத்திரியில 'என்ன குழந்தை'ன்னு உங்க தம்பி போன்ல கேட்டதுக்கு 'இப்போதைக்குப் பொண்ணு'ன்னு சொன்ன ஆள்தானே நீங்க. நர்ஸ் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க.

— மெதுவாப் பேசு. குழந்தை இப்பத்தான் கண்ணை மூடியிருக்கு. அம்மா வேற கீழே இருக்காங்க.

— உங்கம்மாவுக்குக் கேட்கிறதுக்கு நான் கத்த வேண்டியதே இல்லை. நாம மேல பேச ஆரம்பிச்சா, மாடிப்படிக்கு அடியில காய் நறுக்க உட்கார்ந்துடுவாங்க. சமையலறையில இடமே இல்லாத மாதிரி.

— பிம்!

— சரி சரி, விடுங்க. இந்தத் தாளைப் பாருங்க. என் விசா அட்டை மார்ச் பதினாலோட முடியுது. இன்னிக்குப் பிப்ரவரி ஆறு. குடியேற்ற அலுவலகத்துல அந்த ஆள் பொறுமையா மூணு வழி சொன்னார். ஒண்ணு, இப்ப இருக்கே, ஜப்பான்காரரோட பொண்டாட்டிங்கிற விசா. ரெண்டு, ஜப்பான் பிள்ளையை வளர்க்கிற வெளிநாட்டுத் தாய்க்குன்னு ஒரு நீண்டகால விசா. மூணாவது, நிரந்தர விசா. நான் மூணாவதை எடுத்துக்கிறேன்.

— ரெண்டாவதை எதுக்குக் கேட்டே?

— நான் எங்க கேட்டேன்? அவரா சொன்னார்.

— அது புருஷனை விட்டுட்டு வந்தவங்க வாங்குற விசா. எங்க தொழிற்சாலையில ஒரு பிலிப்பைன்ஸ் பொண்ணு அதுலதான் இருக்கு. பிள்ளையைக் காட்டி வாங்கினது.

— எனக்கும் தெரியும். கூட வாழுறவளுக்கு அதைத் தரமாட்டாங்க. அதனாலதான் அது வேண்டாம்னு சொல்றேன்.

— அப்போ உன்கிட்ட அதை அவர் ஏன் சொல்லணும்? நீ என்ன சொன்னே அவர்கிட்ட?

— ரின்னை நெஞ்சோட கட்டிக்கிட்டுப் போயிருந்தேன். அவர் குழந்தையைப் பார்த்தார், இருக்கிற வழியெல்லாம் சொன்னார். அவ்வளவுதாங்க. போலீஸ் மாதிரி துருவாதீங்க.

— துருவலை. கேட்டேன்.

— நல்லாத்தான் கேட்டீங்க. சரி, நானும் ஒண்ணு கேட்கிறேன். நிரந்தர விசாவுக்கு உங்க கையில இருந்து என்ன போகுது? வரி கட்டின சான்று, ஓய்வூதியத்துக்குக் கட்டின சான்று, 'இவளுக்கு நான் பொறுப்பு'ன்னு ஒரு கையெழுத்து. உங்க தம்பி வாடகைக்கு வீடு எடுத்தப்போ அவனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டீங்களே, அப்போ ஒரு நிமிஷமாவது யோசிச்சீங்களா?

— அவன் தம்பி.

— நான் யாரு? பக்கத்து வீட்டுக்காரியா?

— பேச்சை மாத்தாதே. நான் போடமாட்டேன்னு சொல்லலை. நேரம் வரலைன்னு சொல்றேன்.

— என்ன நேரம் வரணும்? கோயில்ல போய்ச் சீட்டு எடுத்துப் பார்க்கணுமா? மூணு வருஷம் குடும்பம் நடத்தியிருந்தா போதும்னு சட்டமே சொல்லுது. உங்களுக்கு மட்டும் பத்தலை.

— நிரந்தரம் கிடைச்சுட்டா, அப்புறம் உனக்கு நான் எதுக்கு?

— ஓ! இப்பத்தான் உள்ளே இருந்தது வெளியே வருது. இது உங்க வார்த்தையா, உங்கம்மா வார்த்தையா?

— ஊர்ல நடக்கிறதைச் சொன்னேன்.

— உங்கம்மா வார்த்தைதான். 'என் குனியாகி சின்ன வயசுல இருந்தே ஏமாளி'ன்னு அன்னிக்கு மீன் கடைக்காரம்மாகிட்ட சொன்னாங்க. எனக்கு ஜப்பான் மொழி புரியாதுன்னு நினைச்சு, என் எதிர்லயே. ஏங்க, விடியக்காலை நாலரைக்கு எழுந்து உங்களுக்குச் சாப்பாட்டு டப்பா கட்டுறேன். உருட்டின முட்டை உங்களுக்கு இனிப்பா இருக்கணும், அம்மாவுக்கு உப்பா இருக்கணும். ரெண்டு சட்டியில ரெண்டு முட்டை. எல்லாம் ஒரு அட்டைக்காகவா?

— முட்டையை ஏன் இதுக்குள்ள இழுக்கிறே? நான் கேட்கிறதுக்கு நேரா பதில் சொல்லு. ரின்னுக்கு எதுக்குத் தாய்லாந்து பாஸ்போர்ட்?

— அவளுக்கு ரெண்டு நாடு. ஜப்பான் பாஸ்போர்ட் நீங்க எடுத்தீங்க, தாய்லாந்து பாஸ்போர்ட் நான் எடுத்தேன். சம்மதம்னு நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க.

— நானா? எப்போ?

— பேஸ்பால் பார்த்துட்டிருந்தப்போ. தாளை நீட்டி, 'ரின்னோட பாஸ்போர்ட்டுக்கு'ன்னு சொன்னேன். 'ம்'னு சொல்லிட்டுப் போட்டுக் கொடுத்தீங்க.

— ஆட்டம் பார்க்கிறப்போ யார் என்ன கேட்டாலும் நான் 'ம்'னுதான் சொல்லுவேன்.

— தெரியும். அதனாலதான் அப்போ கேட்டேன்.

— பாத்தியா! உன் வாயாலயே வந்துடுச்சு. எட்டு மாசக் குழந்தை, இன்னும் தவழவே இல்லை. அதுக்குத் திருட்டுத்தனமா ஒரு பாஸ்போர்ட்.

— சும்மா கேட்டா 'அப்புறம் பார்க்கலாம்'னு சொல்லுவீங்க. வேற என்ன பண்றது? எங்கப்பா அவளைப் போன்லதான் பார்த்திருக்கார். கண்ணாடியில விரலை வச்சுத் தடவுறார் மனுஷன். ஒரு தடவை கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு வரணும்னு ஆசை. அது தப்பா?

— காட்டிட்டு, வருவியா?

— என்ன கேள்வி இது?

— ஒருநாள் நான் வேலை முடிஞ்சு வருவேன். தொட்டில் காலியா இருக்கும். அலமாரி காலியா இருக்கும். அங்க வந்து நான் யாரைப் பிடிக்கிறது, யார்கிட்டப் போய்க் கேட்கிறது? உங்க ஊர்ல எனக்கு வணக்கம் சொல்ல மட்டும்தான் தெரியும்.

— அதையும் பொம்பளைங்க சொல்ற மாதிரிதான் சொல்றீங்க.

— சிரிக்காதே, பிம். நான் நிஜமாவே பயந்துட்டிருக்கேன்.

— ...சிரிக்கலைங்க. ரின் மேல சத்தியமா அப்படி ஒரு நினைப்பு எனக்கு வந்ததில்லை. ஆனா என் பயத்தையும் கொஞ்சம் கேளுங்க. நான் இந்த நாட்டுல இருக்கிறதே உங்க கையெழுத்துலதான். நீங்க ஒரு தடவை பேனாவை எடுக்கலைன்னா நான் பெட்டியைக் கட்டணும். ரின் கட்ட வேண்டாம், அவ இந்த நாட்டுக்காரி. பிரிஞ்சா பிள்ளை ஒருத்தர் பொறுப்புலதான்னு உங்க சட்டம். பிள்ளை என்கிட்ட இருந்தா அந்த ரெண்டாவது விசாவாவது கிடைக்கும். உங்ககிட்ட இருந்தா அதுவும் கிடையாது. பெத்தவ நான் இங்க விருந்தாளி, வயித்துல இருந்து வந்தவ வீட்டுக்காரி.

— யார் இப்போ பிரியறதைப் பத்திப் பேசினா? எப்பப் பார்த்தாலும் 'பிரிஞ்சா, பிரிஞ்சா'. அதுக்குத்தான் எனக்குத் தெரியாம நகராட்சி அலுவலகத்துக்குப் போனியா?

— எதுக்கு?

— தெரியாத மாதிரி நடிக்காதே. நவம்பர் மாசம். 'விவாகரத்துத் தாள் வந்தா ஏத்துக்காதீங்க'ன்னு மனு எழுதிக் கொடுத்திருக்கே.

— ...கொடுத்தேன். ஆமா, கொடுத்தேன்.

— நான் என்ன பண்ணிட்டேன் உன்னை? அடிச்சேனா? குடிச்சுட்டு வந்து கலாட்டா பண்ணினேனா? பாதி ராத்திரியில ரின் அழுதா எழுந்து பால் கலக்குறது யாரு?

— நீங்கதான். நீங்க ஒரு தப்பும் பண்ணலை. வாசனா அக்காவுக்கு நடந்ததைக் கேட்டதுல இருந்துதான் எனக்குத் தூக்கமே போச்சு.

— யாரு, அந்த மசாஜ் கடைக்காரியா?

— ஆமா, எங்க ஊர்க்காரி. விவாகரத்துக்குக் கோர்ட்டு வேண்டாம், வக்கீல் வேண்டாம், பச்சைக் கோடு போட்ட ஒரு தாள் போதுமே இங்க. புருஷன் கையெழுத்து, பொண்டாட்டி கையெழுத்து, ரெண்டு சாட்சி. ரெண்டு பேரும் நேர்ல வரணும்னுகூட இல்லை. அக்கா கையெழுத்தையும் அவ புருஷனே போட்டு நீட்டிட்டார். அன்னிக்குச் சாயங்காலமும் அவருக்கு மீன் பொரிச்சு வச்சிருக்கா அவ. மூணு மாசம் கழிச்சு விசா புதுப்பிக்கப் போனப்போ, 'உங்களுக்கு இப்போ கணவரே இல்லையேம்மா'ன்னு சொன்னாங்களாம்.

— அவன் ஒரு அயோக்கியன். என்னை அவனோட சேர்த்து வைக்கிறியா?

— வைக்கலைங்க. தாய்லாந்துப் பொண்ணுங்க எல்லாரும் போய்க் கொடுத்தாங்க, நானும் கொடுத்தேன். உங்ககிட்ட சொன்னா மனசு புண்படும்னுதான் சொல்லலை.

— இப்போ புண்படலையா? ஒரே கூரைக்குக் கீழ, ஒரே படுக்கையில படுக்கிறவ, என்னைத் திருடன்னு அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கா. இது தெரிஞ்சதுல இருந்து எனக்குச் சோறு இறங்கலை.

— ஏங்க, அப்படியெல்லாம் சொல்லாதீங்க... என்னை மன்னிச்சுடுங்க. பயத்துல செஞ்சது. உங்களை நினைச்சுச் செய்யலை. அழுறீங்களா என்ன? ஐயோ, இந்தத் துணியால துடைச்சுக்கோங்க. ரின் வாய் துடைச்ச துணி, பூசணிக்காய் வாசனை வரும்.

— சரி, விடு. நடந்தது நடந்துபோச்சு. நான் ஒண்ணு சொல்றேன், கேட்பியா?

— சொல்லுங்க.

— நாளைக்குக் காலையில நீ போய் அந்த மனுவை வாபஸ் வாங்கிடு. சாயங்காலம் நான் நிரந்தர விசாத் தாள்ல கையெழுத்துப் போடுறேன். வரிச் சான்று, மத்ததெல்லாம் நானே வாங்கித் தர்றேன்.

— நிஜமாவா?

— நிஜமா.

— இப்போதைக்கு நிஜமா, எப்பவுமே நிஜமா?

— எப்பவும்.

— அடேயப்பா, இந்த வார்த்தை உங்களுக்குத் தெரியும்னே எனக்குத் தெரியாதே! அப்போ இப்பவே போடுங்களேன். பேனா இதோ இருக்கு.

— பாரு, மறுபடியும் சந்தேகம். சந்தேகத்தை ஆரம்பிச்சது நீ. நீ முதல்ல வாபஸ் வாங்கு. நம்பிக்கை உன் பக்கத்துல இருந்து வரட்டும்.

— ...சரிங்க. நியாயம்தான். காலையில உங்களை வேலைக்கு அனுப்பிட்டு, ரின்னைத் தூக்கிக்கிட்டுப் போய்ட்டு வந்துடுறேன்.

— இந்தக் குளிர்ல குழந்தை எதுக்கு? அம்மாகிட்ட விட்டுட்டுப் போ.

— ம், அதுவும் சரி. மூக்கு வேற ஒழுகுது அவளுக்கு. அந்த அலுவலக ஜன்னல்ல இருக்கிற கண்ணாடி போட்ட அம்மா ரொம்ப நல்லவங்க. எனக்கு எழுத்துப் புரியலைன்னு படம் போட்டுக் காட்டி விளக்கினாங்க. மறுபடியும் போய் நின்னா என்ன நினைப்பாங்களோ, வெட்கமா இருக்கு. ஏங்க, உங்களுக்கும் அவங்கதான் சொன்னாங்களா?

— எதை?

— நான் மனு கொடுத்திருக்கேன்னு.

— ஆமா. அந்தம்மாதான். வியாழக்கிழமை குடும்பப் பதிவேட்டு நகல் எடுக்கப் போனேன். உன் விசாவுக்குத்தான். அப்போ சொன்னாங்க.

— நகல் கேட்டப்போவா?

— ஆமா.

— நகல்ல அச்சாகி வந்துதா அது?

— அதுல எதுக்கு வரும்? வாயால சொன்னாங்க. முடிஞ்சுபோன பேச்சைத் திரும்பவும் ஏன் கிளறுறே?

— கிளறலைங்க. கேட்கிறேன். நகல் எங்கே?

— பையில இருக்கும். இல்லை, தொழிற்சாலையிலேயே வச்சுட்டு வந்துட்டேன் போல.

— நான் அந்தம்மாகிட்ட மூணு தடவை கேட்டேன். 'என் வீட்டுக்காரருக்கு இது தெரியவருமா? வீட்டுக்கு ஏதாவது தபால் வந்து அவர் பிரிச்சுடுவாரா? அவர் நகல் எடுக்க வந்தா சொல்லிடுவீங்களா?' மூணுக்கும் இல்லைன்னாங்க. எனக்குப் பயம், அதனால திரும்பத் திரும்பக் கேட்டேன். அவங்களும் அலுத்துக்காம சொன்னாங்க.

— ஏதோ வாய் தவறிச் சொல்லியிருப்பாங்க.

— அவங்க வாய் தவறலை. ஒரே ஒரு ஆளுக்குத்தான் சொல்லுவோம்னாங்க. பச்சைக் கோடு போட்ட அந்தத் தாளைக் கொண்டுவந்து ஜன்னல்ல நீட்டுற ஆளுக்கு. 'இதை வாங்க முடியாது, உங்க மனைவி மனு கொடுத்திருக்காங்க'ன்னு.

— பிம், கொஞ்சம் மெதுவா. கீழே அம்மாவுக்குக் கேட்கும்.

— கேட்கட்டும். சாட்சிக் கையெழுத்துப் போட்டவங்களுக்கு இதுல புதுசா என்ன இருக்கு?

— நான் சொல்றதைக் கேளு...

— நீ சொல்ல வேண்டாம், குனியாகி. என் கையெழுத்தை யார் போட்டாங்கன்னுகூட நான் கேட்கலை. அந்தத் தாள்ல பிள்ளை பேரை எழுத ரெண்டு கட்டம் இருக்காமே, புருஷன் வளர்க்கிற பிள்ளைக்கு ஒண்ணு, பொண்டாட்டி வளர்க்கிற பிள்ளைக்கு ஒண்ணு. ரின் பேரை எந்தக் கட்டத்துல எழுதிக்கிட்டுப் போனே?