களிமண்ணில் பதிந்த டயர்

டீ ஆறிப்போனால் பரவாயில்லை இன்ஸ்பெக்டர் சார். தனியாக இருப்பவன் டீயைப் போட்டு வைத்துவிட்டு மறந்துபோவது சகஜம். ஆறிய டீ எனக்குப் பழக்கம்தான்.

பழைய கார்களுக்கு அகலமான சக்கரம் மாட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு அளவெடுத்துக் கொடுப்பது என் தொழில். டயர் உள்ளே எதிலும் உரசக் கூடாது, வெளியே மட்கார்டைத் தாண்டி நீட்டக் கூடாது. கேட்க எளிது, செய்யப்போனால் மண்டை காய்ந்துவிடும். டேப்பை மட்டும் நம்பி மோசம் போனவர்கள் நிறையப் பேர். நான் களிமண்ணை நம்புவேன். டயருக்குப் பக்கத்தில், சக்கரக் குழியின் உள்தகட்டில் ஓர் உருண்டையை ஒட்டி, சீட்டுகளில் ஆட்களுக்குப் பதில் மணல் மூட்டைகளை வைத்து, வளைவும் மேடுபள்ளமுமாக ஒரு சுற்று ஓட்டி வருவேன். களிமண் எவ்வளவு நசுங்கியிருக்கிறதோ அதுதான் உண்மை. மூட்டை வைக்காமல் அளப்பது, சட்டை தைக்க வந்தவனை மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி அளவெடுப்பது போல.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தன் அப்பாவின் காரோடு என்னிடம் வந்து மூன்று வருடம் ஆகிறது. கடைக்கு லீவு என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வருவார். என்னை அண்ணே என்பார். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. காருக்கு அடியில் டார்ச் பிடித்துக்கொண்டு வாய் ஓயாமல் பேசுவார். அவர் மனைவியின் கோபதாபம், மாமியாரின் முழங்கால் வலி எல்லாம் எனக்கு அத்துப்படி. மற்ற ஆறு நாளும் என் பட்டறையில் ரேடியோ மட்டும்தான் பேசும்.

வண்டி முடிந்துவிட்டால் அவர் எதற்கு வருவார்? அதனால் இரண்டு முறை வேண்டுமென்றே தப்பான அளவு சொன்னேன். இரண்டு முறையும் சக்கரம் வந்து, பொருந்தாமல் திரும்பிப் போனது.

"விடுங்கண்ணே, உங்களுக்கே தண்ணி காட்டுது பாருங்க இந்த வண்டி," என்று சிரித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

மூன்றாவது செட் ஏறக்குறையப் பொருந்தியது. அவர் வருவதற்கு முன் மூட்டைகளை ஏற்றி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். பின்சக்கரத்துக் களிமண்ணில் டயரின் எழுத்துகள் இடவலம் மாறித் தெளிவாகப் பதிந்திருந்தன. அதாவது, பின்சீட்டில் ஆள் உட்கார்ந்தால் வளைவுகளில் டயர் அந்த உள்தகட்டின் விளிம்பில் அறுபடும். சக்கரத்துக்குப் பின்னால் ஆறு மில்லிமீட்டர் கனத்தில் ஒரு வட்டத் தகடு கொடுத்து டயரை வெளியே தள்ளினால் போதும், பத்து நிமிட வேலை. தகடு என் சட்டைப்பையிலேயே இருந்தது.

"எல்லாம் சரியா இருக்காண்ணே?" என்றார்.

"கச்சிதம்," என்றேன். களிமண்ணை அலமாரியில் வைத்தேன். உங்கள் மேஜையில் இருக்கும் இந்த உருண்டையை நீங்கள் அங்கிருந்துதான் எடுத்து வந்திருக்கிறீர்கள். உரசினால் சத்தம் வரும், சத்தம் வந்தால் அவர் வருவார். நான் நினைத்தது அவ்வளவுதான்.

புதன்கிழமை மத்தியானம் போன் வந்தது. உங்கள் கையில் இருக்கிற என் போன் பட்டியலில் அந்த இரண்டு நிமிடம் இருக்கும். மனைவியையும் மாமியாரையும் பின்சீட்டில் உட்காரவைத்து மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பின்னாடி ஏதோ உரசுற சத்தம் கேக்குது. ரப்பர் வாடை வேற. ஓரமா நிறுத்தியிருக்கேன். பக்கத்துல ஒரு மெக்கானிக் கடை இருக்கு, காட்டட்டுமா?"

மெக்கானிக் பார்த்திருந்தால் அங்கேயே ஒரு தகடு கொடுத்து முடித்திருப்பான். வண்டியும் முடிந்திருக்கும், என் ஞாயிற்றுக்கிழமையும் முடிந்திருக்கும். யோசிக்க எனக்கு நேரம் இருந்தது சார். யோசித்துத்தான் சொன்னேன்.

"புது டயர்னா அப்படித்தான் வாடை வரும். வேற யாரையும் கை வைக்க விடாதீங்க. பேசாம ஓட்டிட்டு வாங்க, ஞாயித்துக்கிழமை நான் பாத்துக்கறேன்."

"நீங்க சொன்னா சரிண்ணே."

மூன்றாவது வளைவில் டயர் வெடித்தது. பின்சீட்டில் இருந்த இருவரும் அங்கேயே போய்விட்டார்கள். அவர் இடுப்பெலும்பு முறிந்து பிழைத்துக்கொண்டார். தலையில் பட்ட அடியில் அன்றைய நாள் அவருக்கு நினைவில்லை. வேகமாகப் போயிருப்பார் என்று எல்லாரும் சொன்னார்கள், அவரும் நம்பிவிட்டார்.

"நான்தாண்ணே அவங்கள கொன்னுட்டேன்," என்று அழுதார். கையைப் பிடித்துக்கொண்டு, அழாதீங்க என்றேன். தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். முகம் துடைத்து, ஷேவ் பண்ணிவிடுகிறேன். முன்போல அவர் பேசுவதில்லை. இப்போது நான்தான் பேசுகிறேன்.

உரசும் என்று தெரிந்தே அனுப்பியது நான். நிறுத்தியவரை ஓட்டச் சொன்னதும் நான். அந்த இரண்டு பேரைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். கொஞ்சம் சீக்கிரம் எழுதினால் நல்லது. இன்று ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்பத்திரியில் நாலு மணிக்கு உள்ளே விடுவார்கள். பாவம், அவருக்கு இப்போது என்னை விட்டால் யாரும் இல்லை.