கூடையில்லாத நடை

1974 ஆகஸ்ட் 6, மாலை ஐந்தேகால் மணி. பள்ளிவாசல் என்ற ஊரிலிருந்து மலையேறிய பேருந்தில் என் முன்னிருக்கையில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருவர். முறிந்த கால் தேறுவதற்காக மருத்துவமனையில் பலரோடு நடைப்பயிற்சி செய்து திரும்புகிறார்கள்.

"சமதரையில எனக்கு நடக்கவே வரல மதினி," என்றாள் இளையவள்.

"எல்லாரும் நிமிந்து நடக்காங்க. நீ என்ன கல்யாணப் பொண்ணா, குனிஞ்ச தலை நிமிராம போக?"

"கொழுந்துக் கூடை சுமந்த உடம்பு. முதுகுல பாரமில்லாம தள்ளாடுது. வேலைக்கு ஆவேனான்னு நாளைக்கு பாக்குற டாக்டர் முன்னால விழுந்தா வேலை போச்சு, தோட்டத்துல குடுத்த லயத்து வீடும் போச்சு."

"அப்ப கூடையோட வாடி. இதான் எங்க நடைன்னு சொல்லு."

மறுநாள் காலை, கீழிறங்கும் பேருந்தில் இளையவள் முதுகில் கூடையோடு ஏறினாள். நான் எழுந்து இடம்விட்டேன். அவள் உட்காரவில்லை, வளைவுகளில் நாங்களெல்லாம் சாய, அவள் மட்டும் அசையாமல் நின்றாள்.