துணைக்குப் போனவள்

— மாடாட்டம் கத்தினது நீ, சுலோ. நான் பன்னியாட்டம் உறுமினேன், அவ்ளோதான். நாளைக்கு யார்னா கேட்டா மாத்திச் சொல்லி வெக்காத.

— என்னா பெரிய வித்தியாசம் நிஷா! 'இது ரெண்டும் எங்களுக்கு வாணாம்'னு அந்த ஹனோய் ஓட்டல்காரனுக்குப் புரிய வெக்கத்தான கத்தினோம்? கையைக் கையை வேற ஆட்டினோம்.

— ஆட்டினோம். அவன் நல்லா தலையாட்டிட்டு உள்ள போனான். மாடு உன் முன்னால, பன்னி என் முன்னால. யாரு எதைக் கத்தினாங்களோ அவங்கவங்களுக்கு அதது. ஆர்டரை ஒழுங்காத்தான் எடுத்திருக்கான்.

— அன்னிக்கு ஆரம்பிச்சதுதான், மூணு மாசமும் வாழைப்பழமும் அவிச்ச முட்டையும்.

— நல்ல வேளை, முட்டை கேக்க நீ கோழியாட்டம் கத்தல.

— கத்தினேன். நீ குளிக்கப் போயிருந்த.

— மானத்தை வாங்கிட்ட போ. சரி, அந்தப் பையைக் கவுத்துக் கொட்டு. காலையில பஸ்ஸு எறங்கினதுலேர்ந்து மூலையில சாத்தி வெச்சிருக்க. நாத்தம் ஊரைக் கூட்டுது.

— கொட்டறேன், கொட்டறேன். உன் பையை நீ எப்ப உன் வூட்டுக்குத் தூக்கிட்டுப் போவப் போற? முல்லா வீதி இங்கேர்ந்து பத்து நிமிஷம். மொய்னுதீன் அண்ணன் வாசல்லயே நின்னுட்டிருப்பாரு.

— நிக்கட்டும். பொண்டாட்டி இல்லாம மூணு மாசம் நின்ன மனுஷன் இன்னும் ஒரு மணி நேரம் நிக்க மாட்டாரா? பதினொண்ணரைக்கு உன் மருமக பிரான்ஸ்லேர்ந்து போன் பண்ணுவா. நான் போய்ட்டா அவ பேசற பிரெஞ்சுக்கு நீ என்னா பண்ணுவ? தலையாட்டுவ. போன்ல தலையாட்டினா அவளுக்குத் தெரியுமா?

— அது என்னமோ வாஸ்தவம்தான். எம்மவன் எடுத்தா தமிழ்ல பேசிடலாம். இளஞ்செழியனுக்கு எப்பப் பாரு ஆஸ்பத்திரி டூட்டி.

— எட்டு வருஷமா உனக்கும் கிளேருக்கும் நடுவுல நான்தான் தபாலாபீஸு.

— இன்னிக்குப் பதில் சொல்லியாவணும்டீ.

— தெரியும்.

— 'வயசாவுது, தனியா கெடக்க வாணாம், லியோனுக்கே வந்துடு'ன்னு ரெண்டு வருஷமா கூப்பிடறாங்க. 'ஒரு மூணு மாசம் ஊரு சுத்திட்டு வந்து சொல்றேன்'னு நான்தான் தவணை கேட்டேன். முடிஞ்சிபோச்சு. வரேன்னு இன்னிக்குச் சொன்னா அடுத்த வாரம் டிக்கெட்டு. இந்த வூட்டைப் பூட்டி சாவியை உன்கிட்ட குடுத்துட்டு ஒரேயடியா போய்ட வேண்டியதுதான்.

— சாவி வாணாம். என்கிட்ட ஏற்கனவே ஒண்ணு கெடக்குது.

— கோவமா?

— எனக்கென்னா கோவம்? உன் கையில பிரெஞ்சு பாஸ்போர்ட்டு. உன் வூட்டுக்காரரு ஜானகிராமன் சொல்தாவா, பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயா இருந்து வாங்கிக் குடுத்துட்டுப் போனது. நெனச்சா நீ இன்னிக்கே ஏறலாம்.

— அவரு ஜிபூத்தியில இருந்தாரு, ரெயூனியன்ல இருந்தாரு. நான் இங்கியே புள்ளையை வளத்துட்டுக் கெடந்தேன். பாஸ்போர்ட்டுல மட்டும்தான் நான் பிரெஞ்சுக்காரி.

— அதான் சொல்றேன். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்துல பிரெஞ்சு சொல்லிக் குடுத்தவ நானு. பாஸ்போர்ட்டு உனக்கு. அல்லா சில நேரம் வெளையாடுவான். தாய்லாந்துல என்னா ஆச்சு? உனக்கு ஒரே ஒரு முத்திரை, டொக்குனு. அந்தாண்ட போய் உக்காந்து மாம்பழம் தின்ன. என்னை நாலு மணி நேரம் நிக்க வெச்சி, போட்டோ காட்டு, டிக்கெட்டு காட்டு, திரும்பிப் போவியா, சத்தியமா போவியான்னான்.

— உனக்கும் மாம்பழம் வெச்சிருந்தேனே!

— கொட்டையை வெச்சிருந்த.

— சப்பறதுக்கு அதுலதான் ருசி.

— பேசாத. லாவோஸ் பார்டர்ல அந்த வயசான ஆபீசரு! உன் பாஸ்போர்ட்டைப் பாத்ததும் எழுந்து நின்னு 'மதாம்'னு ஆரம்பிச்சி அஞ்சு நிமிஷம் பிரெஞ்சுல பேசினாரு. நீ என்னா பண்ண?

— சிரிச்சேன்.

— சிரிச்ச. மூட்டு வலிக்குதுன்னு உன் பையையும் என் முதுகுல ஏத்திட்ட. நான் ரெண்டு மூட்டையோட பின்னாடி நின்னுக்கிட்டு, அவரு கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்றேன். அவரு என்னா நெனச்சிருப்பாரு? நீ எஜமானி, நான் வேலைக்காரி.

— நல்லா படிச்ச வேலைக்காரின்னு நெனச்சிருப்பாரு, வுடு.

— அந்த மூட்டு வலிக்காரி ஹாஸ்டல்ல மேல் கட்டில்தான் வேணும்னு ஏறினா. ஏறத் தெரிஞ்சுது, எறங்கத் தெரியல. காலையில பத்து மணி வரைக்கும் மேலயே உக்காந்து காபி கேட்ட. நாலு ஜெர்மன்காரப் பசங்க சேந்து எறக்கினாங்க, உற்சவ சாமியை எறக்கறாப்ல.

— நல்ல பசங்கடீ. எறக்கிட்டு கும்புடுகூட போட்டாங்க. நீயே சொல்லு நிஷா, நல்லாத்தான இருந்துச்சு? நாப்பது வருஷமா பீச்சுல உக்காந்து பாக்கறோம். வெள்ளக்காரப் புள்ளைங்க முதுகுல மூட்டையோட வந்து நம்ம ஊரைச் சுத்திப் பாத்துட்டுப் போவுது. நாம மட்டும் சுண்டல் தின்னுட்டு அவங்களைப் பாத்துட்டிருந்தா எப்படி?

— நல்லாத்தான் இருந்துச்சு. நான் இல்லேங்கல. ஆனா பொய் சொல்லியில்ல கூட்டிட்டுப் போன! 'பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊருங்க, அங்க எல்லாருக்கும் பிரெஞ்சுதான் தெரியும்'னு எங்க வூட்டுக்காரர்கிட்ட சொன்னியா இல்லியா? வியட்நாம், லாவோஸ், கம்போடியா மூணுலயும் சேத்து என்கிட்ட பிரெஞ்சு பேசினவங்க நாலே நாலு பேரு. அதுல ரெண்டு பேருக்குப் பல்லு கெடையாது.

— அண்ணன் உடனே சரின்னாரே!

— உன் மூஞ்சிக்காவ சரின்னாரு. முப்பத்தஞ்சு வருஷத்துல நாகூரைத் தாண்டி என்னை அனுப்பாத மனுஷன் அவரு. பள்ளிக்கூடத்துலேர்ந்து டெல்லிக்கு ட்ரெயினிங் அனுப்பறோம்னாங்க, 'இங்க இல்லாத எது அங்க கீது'ன்னு கேட்டாரு. பாரீஸுக்கு ஒரு மாசம் கோர்ஸு வந்துச்சு, அதையும் கமலா டீச்சருக்கு வுட்டுக் குடுக்க வெச்சாரு. அன்னிக்கு நீ வந்து அவரு முன்னால உக்காந்து கண்ணைக் கசக்கின பாரு, அதுல கரைஞ்சிட்டாரு. 'பாவம் சுலோசனா, வாயில்லாத பொம்பளை, பாஷை தெரியாத ஊருல போய்த் திண்டாடும், தொணைக்குப் போய்ட்டு வா'ன்னாரு. உனக்கு வாய் இல்லியாம்!

— நல்ல மனுஷன்.

— நல்ல மனுஷன்தான். அதுக்குன்னு இனிமே ஒருக்கா அனுப்புவாருன்னு நெனைக்கிறியா? நீ லியோனுக்குப் போய்ட்டா நான் யாருக்குத் தொணைன்னு சொல்லி வெளிய வர்றது?

— அப்ப நீயே சொல்லு. போவட்டுமா, வாணாமா?

— கவனி. ஒண்ணு, பெத்த புள்ளை கூப்பிடறான். ரெண்டு, பேத்தி அபிக்கு நாலு வயசு, உன் மொகம்கூட சரியா தெரியாது. மூணு, நாளைக்கே உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா பாக்க ஆளு வேணும்.

— எல்லாம் போவணும்ங்கற பக்கமே இருக்குதே.

— டீச்சரு நியாயத்தைத்தான் சொல்லணும்.

— நான் டீச்சரைக் கேக்கல. நிஷாவைக் கேக்கறேன்.

— நிஷாவுக்குப் புடிக்கல. நீ போறது எனக்குப் புடிக்கவே இல்ல, போதுமா? காலையில அஞ்சரைக்கு நான் யாரோட பீச்சுக்குப் போவேன்? அந்நேரத்துக்கு எங்க வூட்டுக்காரரை எழுப்பினா 'நெஞ்சு வலியா'ன்னு கேப்பாரு. பாரு, மூக்கைச் சிந்த வெச்சிட்ட. அந்தத் துண்டைக் குடு.

— அது லாவோஸ்ல கால் தொடச்ச துண்டு.

— பரவால்ல, குடு... போனு அடிக்குது. நான் எடுத்து எப்பவும்போல ஸ்பீக்கர்ல போடறேன். ஆலோ? வுய், கிளேர்! போன்ழூர்! ...சுலோ, நாம நல்லபடியா வந்து சேந்துட்டமான்னு கேக்கறா. சேந்துட்டோம்னுட்டேன். உனக்கு ரூமு ரெடியாம். புதுக் கட்டில் வாங்கியாச்சாம்.

— ஜன்னல் இருக்குதான்னு கேளு.

— இருக்குதாம். அதுலேர்ந்து பாத்தா கார் நிறுத்தற எடம் நல்லா தெரியுமாம்.

— வேற என்னா சொல்றா? இவ்ளோ நேரம் பேசறாளே.

— அதுவா... உன்னைப் பாக்காம அபி ஏங்கிப் போய்ட்டாளாம். பாட்டி, பாட்டின்னு ஒரே அழுகையாம். எப்ப வரேன்னு கேக்கறா.

— அவ்ளோதானா?

— அவ்ளோதான்.

— அபியைப் பாத்துக்கற பொம்பளை மாசக் கடைசியில நின்னுடறா, காலையில எட்டுலேர்ந்து சாயங்காலம் ஏழு வரைக்கும் இனிமே நான்தான் பாத்துக்கணும்னு சொல்லல?

— உனக்கு யாருடீ சொன்னா?

— போனை இப்படிக் குடு.

— நீ வாங்கி என்னா பண்ணப் போற? காத்தாலயே அவளை...

— குடுடீ. ஆலோ, கிளேர்? நோன், மா ஷெரி. ழ நெ வியேன் பா.

— யா அல்லா! 'இல்ல கண்ணு, நான் வரல'ன்னு... சுலோ! யாருடீ உள்ள பூந்து பேசறது?

— ஷ்ஷ்!

— 'கோச்சுக்காத, உன் கஷ்டம் எனக்குப் புரியுது, ஆனா நான் தங்கறதுக்கு வரமாட்டேன்'ங்கறா... வினைச்சொல்லெல்லாம் சரியா வருதே! என் கிளாஸுல மொத பெஞ்சுப் புள்ளைங்களுக்கே வராதே!... 'ஜூன் மாசம் வரேன், ரெண்டு ராத்திரி போதும், நாங்க கீழயே படுத்துப்போம்'... நாங்களா? எந்த நாங்க?

— அ பியேந்தோ, கிளேர். வெச்சிட்டேன். பாவம், அழுவறாப்ல இருந்துச்சு. அந்தப் பொண்ணும் நல்ல பொண்ணுதான்.

— எங்கடீ கத்துக்கிட்ட?

— முப்பது வருஷம் சாயங்காலம் ஆனா இந்தக் கூடத்துல டியூஷன் எடுத்தது யாரு? உன் வூட்டுல எடம் இல்லன்னு இருவது புள்ளைங்களை இங்க கொண்டாந்து கத்த வெச்ச. நான் அந்தாண்ட உக்காந்து முருங்கக்கீரை ஆஞ்சிட்டிருப்பேன். எனக்கென்னா காது செவுடா?

— அப்ப எட்டு வருஷமா கிளேர் பேசினதெல்லாம்?

— புரிஞ்சுது. நீ மாத்திச் சொன்னதும் புரிஞ்சுது. நார்த்தங்கா ஊறுகாயை வாசனை தாங்காம கொட்டிட்டோம்னு அவ சொன்னா. நீ 'விரலைச் சப்பிச் சப்பித் தின்னாங்களாம்'னு சொன்ன. அடுத்த மாசமே ரெண்டு கிலோ அனுப்பினேன்.

— தெரிஞ்சேவா அனுப்பின?

— நீ சொன்ன பொய்யை நான் காப்பாத்த வாணாமா?

— லாவோஸ் ஆபீசரு சொன்னது?

— 'நீங்க பாரீஸ்ல பொறந்தவங்களா, இவ்ளோ அழகான பிரெஞ்சைக் கேட்டு நாப்பது வருஷம் ஆச்சு'ன்னாரு. நீ என்கிட்ட 'ஃபாரத்துல கையெழுத்து போடச் சொல்றாரு'ன்னு சொன்ன. ஆனா காது ரெண்டும் செவந்துபோச்சு உனக்கு.

— சீ, போடீ! அது கெடக்கட்டும். ஜூன்ல என்னா?

— லியோன்ல ரெண்டு ராத்திரி. அங்கேர்ந்து ரயில்ல பாரீஸு. முப்பத்தோரு வருஷமா போர்டுல சாக்பீஸால சேன் நதியை வரைஞ்சியே, அது நெசத்துல எவ்ளோ அகலம்னு பாத்துட்டு வந்துடலாம். ஏய், மறுபடியும் ஏண்டீ அழுவற?

— நான் ஒண்ணும் அழுவல. எனக்கு ஒண்ணுதான் புரியல. மூணு மாசம், வாயைத் தொறந்தா பேசியிருக்கலாம். குடிக்கற தண்ணிகூட நான் கேட்டு வாங்கிக் குடுத்தேன். ஊமையாட்டம் சிரிச்சிக்கிட்டே என் பின்னாடி வந்தியே, எதுக்குடீ இந்த நாடகம்?

— எனக்குப் பிரெஞ்சு வரும்னு தெரிஞ்சிருந்தா, அண்ணன் உன்னை வாசப்படி தாண்ட வுட்டிருப்பாரா? மூஞ்சியைக் கழுவிட்டு வூட்டுக்குப் போ. நாலு மணிக்கு நான் வரேன். வியட்நாமுக்கு அவரு முன்னால அரை மணி நேரம் அழுதேன், பாரீஸுக்கு எவ்ளோ நேரம் அழுவணும்னு மட்டும் நீ சொல்லு.