பீடத்தில் வைத்து ஜெபித்த நாவல்

— சீச்சீ! இதையும் ஒரு நாவல்னு அச்சடிச்சிருக்கியே ஜெரோம், வெக்கமா இல்ல உனக்கு?

— முழுசா படிச்சியாக்கா?

— படிச்சதாலதான்டா குமட்டுது! தாம்பரம் ஸ்டேஷன்ல ஒருத்தன் காணாம போறான். சரி. அதோட விட்டியா? கிட்னி திருடறவன், சிலை கடத்தறவன், காட்டாங்குளத்தூர் காலேஜ்ல ஒரு ஹேக்கர் பொண்ணு, அவளுக்கு ஒரு இரட்டை… கல்யாணப் பந்திக்கு முண்டியடிக்கற மாதிரி வந்துகிட்டே இருக்கானுங்க. காணாம போனவனைத் தேட ஒருத்தனுக்கும் நேரமில்ல!

— த்ரில்லர்னா அப்படித்தான்க்கா. சாப்டருக்கு ஒரு ட்விஸ்ட் வேணும்னு பதிப்பாளர் சொன்னார்.

— காணாம போனவனுக்கு நம்ம ஆபேல் அண்ணன் பேரை வெக்கச் சொன்னதும் அவரா? அதே நடை, அதே கோடு போட்ட சட்டை! வீட்டை விட்டுப் போன அண்ணனை வித்துத் தின்னிருக்கே. த்தூ!

— அது ஒரு அஞ்சலிக்கா…

— அஞ்சலியா? அவன் செத்துட்டான்னு உனக்கு யார்றா சொன்னா? புது வருஷ ஆராதனையில அம்மா இன்னும் அவன் பேருக்கும் வேத வசனம் போட்ட ஒரு வாக்குத்தத்த அட்டை எடுத்துட்டு வருது. நீ என்னடான்னா புக்கு மேலே கொட்டை எழுத்துல ‘உண்மைச் சம்பவம்’னு போட்டிருக்கே!

— புக்கு விக்கணும்ல.

— சர்ச்சுல பீடத்துல வெச்சு, பாஸ்டர் ஐயரை ஜெபம் பண்ண வெச்சு ரிலீஸ் பண்ணினியே, அதுவும் விக்கவா?

— அது அம்மா ஆசை. நம்ம வீட்ல கல்யாணப் பத்திரிகையையே அங்க வெச்சுட்டுத்தானே குடுப்போம்? அம்மா என்ன சொல்லுச்சு?

— கண்ணாடியைக் கழட்டாம படிச்சுது. “பீடத்துல வெச்ச புக்குல பொய் இருக்குமா ஷீலா?”ன்னு கேட்டுது. கதைம்மான்னா காதுல வாங்கினாத்தானே!

— இப்ப எங்க அம்மா?

— பெண்கள் சங்கத்துக்குன்னு காலையிலயே கிளம்பிடுச்சு… இரு, அம்மா போன்தான். சொல்லும்மா… ஹலோ, யாருங்க? கங்கம்மாவா? பூக்கடையா? குன்றத்தூர் முருகன் கோயில்லயா!… ஐயோ… சரிங்கக்கா, கொஞ்சம் பார்த்துக்கோங்க, இதோ வந்துடறோம்.

— குன்றத்தூர்ல அம்மாவுக்கு என்ன வேலை? கோயில் வாசலையே மிதிச்சதில்லையே!

— கடைசி சாப்டர்ல அண்ணனை எங்கடா கொண்டு வெச்சே?

— குன்றத்தூர் மலையில… மொட்டை போட்டுக்கிட்டு, மாறுவேஷத்துல…

— அம்மா அந்தப் படிக்கட்டுல உட்கார்ந்து, இறங்கி வர்ற மொட்டைங்க மூஞ்சியையெல்லாம் புடிச்சுப் புடிச்சுப் பார்க்குதாம்.

— வாக்கா, பைக்கை எடுக்கறேன்!

— நீ வராதே. உன்னைக் கண்ணுல காட்ட வேணாம்னுச்சாம். “ஆபேல் இருக்கற இடம் ஜெரோமுக்குத் தெரிஞ்சிருக்கு, ஒம்பது வருஷமா பெத்தவகிட்ட மறைச்சுட்டான்”னு அழுவுதாம்.