வீட்டுக்காரர் விசா

துபாயில், அல் குசைஸ் போகிற பஸ்ஸில் என் முன்சீட்டில் நம்மூர்ப் பெண்கள் இருவர். ஜன்னலோரம் இருந்தவள் சொன்னாள்: "அவருக்கு வேலை போச்சுக்கா. அதோட என் டீச்சர் வேலையும் போச்சு."

"அவர் கம்பெனிக்கும் உன் ஸ்கூலுக்கும் என்னடி சம்பந்தம்?"

"நான் அவர் விசாவுலதானே இருக்கேன்? அதைச் சொல்லித்தான் ஸ்கூல்ல இத்தனை வருஷமா பாதிச் சம்பளம் கொடுத்தாங்க. இப்ப அவர் விசா கேன்சல், அதோட என்னோடதும். ஸ்கூல் விசா கேட்டேன். கொடுத்தா வீட்டு வாடகை, ஊருக்குப் போக டிக்கெட் எல்லாம் கொடுக்கணுமாம். வேற ஆளைப் பாத்துக்கறோம்னுட்டாங்க."

"படுபாவிங்க. நல்லாவே இருக்க மாட்டாங்க."

இரண்டு ஸ்டாப் தாண்டியது. அந்த அக்கா கைப்பையைத் திறந்து மூடிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்: "அந்த இடத்துக்கு ஆள் எடுத்துட்டாங்களா? நானும் பி.எட்.தான். எங்க வீட்டுக்காரர் விசாவுலதான் இருக்கேன்."