முதுகு காட்டி நின்ற வகுப்பு

மேடையில் இருக்கும் தாளாளர் ஐயா அவர்களே, தலைமையாசிரியை அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நர்ஸம்மாவின் கணவரே, மகளே, உட்கார இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் பழைய மாணவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக ஒரு மாத்திரை விழுங்கினேன். வலிப்பு வராமல் இருக்கப் போடும் மாத்திரை. ஆம், கணக்கு டீச்சரான எனக்கு வலிப்பு நோய் உண்டு. இந்தப் பள்ளியில் அதை நான் வாய்விட்டுச் சொன்னது ஒரே ஒருவரிடம்தான். அவருக்கு அஞ்சலி செலுத்தத்தான் இன்று நாம் கூடியிருக்கிறோம்.

துக்க வீட்டில் அவருடைய மகள் என்னிடம் கேட்டாள்: "நீங்க அம்மாகூட வேலை பாத்தவங்களா ஆன்ட்டி? உங்களைப் பத்தி அம்மா ஒரு நாள்கூடப் பேசினதில்லையே." அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். பெற்ற மகளிடம்கூடப் பேசவில்லை! இதைவிடப் பெரிய சான்றிதழ் ஒரு பள்ளி நர்ஸுக்கு யார் கொடுத்துவிட முடியும்?

நர்ஸம்மா என்றால் பஞ்சும் டிஞ்சரும் மட்டுமா? ஒரு வகுப்பில் ஒரு பெண்ணின் தலையில் பேன். அவளை மட்டும் கூப்பிட்டால் ஆண்டு முழுக்கக் கேலிதான். நர்ஸம்மா என்ன செய்தார்? வகுப்புக்கு நடுவே ஒரு நாற்காலியைப் போட்டு, நம் தலைமையாசிரியையை உட்காரவைத்து, கொண்டையை அவிழ்த்து, முதல் ஆளாக அவருக்கு வாரினார். அதன் பிறகு மொத்த வகுப்பும் போட்டி போட்டுக்கொண்டு வரிசையில் நின்றது. தலைமையாசிரியை தலையில் பேன் இருந்ததா இல்லையா? அதையும் நர்ஸம்மா கடைசிவரை சொல்லவில்லை. மேடம் சிரிக்கிறார், நானும் கேட்கப்போவதில்லை!

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னேன். "மாத்திரையை மட்டும் விடாதீங்க டீச்சர். மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். அடுத்த வாரமே ஒவ்வொரு வகுப்பிலும் ஆண்டுக்கு ஒரு பீரியட் கேட்டு வாங்கினார். யாருக்காவது வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் பாடம். பெஞ்சை நகர்த்து. தலைக்கு மெத்தென்று எதையாவது வை. ஒருக்களித்துப் படுக்க வை. நேரத்தைப் பார். வாயில் எதையும் திணிக்காதே. ஒருவர் ஓடிவந்து என்னைக் கூப்பிடுங்கள். மற்றவர்கள் சுற்றி நின்று, முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ளுங்கள்.

ஏன் திரும்ப வேண்டும் என்று ஒரு பிள்ளை கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இது: "ஒருத்தங்க உடம்புக்கு நடக்கிறது அவங்களோடது கண்ணு. நாம பாத்துட்டதால அது நம்மளோடது ஆயிடாது."

பிறகு ஒரு நாள், கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதே விழுந்தேன். சத்தம் கேட்டு நம் பியூன் அண்ணன் மர ஸ்கேலோடு ஓடிவந்தாராம். முன்பெஞ்சு மாணவி ஒருத்தி மறித்தாளாம். பின்னால் அவரே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"அண்ணே, வாயில எதையும் வெக்காதீங்க!"

"நாக்கைக் கடிச்சுக்குவாங்க, தள்ளு பாப்பா!"

"ஸ்கேலை வெச்சாத்தான் பல்லு உடையும். பேசாம நீங்களும் திரும்பி நில்லுங்க!"

அவரும் திரும்பி நின்றார், ஸ்கேலைக் கையில் பிடித்தபடியே!

கண் விழித்தபோது தலைக்கடியில் ஒரு புத்தகப்பை. பக்கத்தில் நர்ஸம்மா. சுற்றிலும் சீருடை அணிந்த முதுகுகள். ஒரு முகம்கூட என் பக்கம் இல்லை. முதுகு காட்டுவதைக் கோழைத்தனம் என்பார்கள். என் வகுப்பின் முதுகுகளைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்வார்களா? அதைவிட வீரமான வரிசையை நான் எங்கும் பார்த்ததில்லை!

அன்று மாலை நர்ஸம்மாவின் அறையில், திரைக்குப் பின்னால் கட்டிலில் படுத்திருந்தேன். தாளாளர் ஐயா உள்ளே வந்தார். ஐயா, நான் கேட்டதை அப்படியே சொல்கிறேன், பொறுத்தருள வேண்டும்.

"யாரோ ஒரு டீச்சருக்கு வலிப்பு வந்துச்சாமே. யாரும்மா?"

"வந்துச்சுங்க ஐயா. இப்ப நல்லா இருக்காங்க."

"நான் பேரைக் கேட்டேன்."

"அது அவங்க வாயால வரணும்ங்க. என் வாயால வராது."

"பிள்ளைங்க முன்னாடி விழுறவங்களை எப்படிம்மா வேலைக்கு வெச்சுக்கறது? சொல்லலைன்னா உங்க வேலையே போயிடும்."

"நாளைக்கு நீங்களே இந்தக் கட்டில்ல வந்து படுத்தாலும், உங்க பேரையும் இப்படித்தான் ஐயா காப்பாத்துவேன்."

திரைக்குப் பின்னால் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். ஐயாவின் செருப்புச் சத்தம் கதவுப் பக்கம் நகர்ந்தது. பிறகு, "சரிம்மா, கதவைச் சாத்திக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பெயரை அதன் பிறகு அவர் கேட்கவே இல்லை. நர்ஸம்மா ஜெயித்தார். விட்டுக்கொடுத்த ஐயாவும் அன்று உயர்ந்தார்.

அந்த வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் என்ன சொன்னார்கள்? "மிஸ் கொஞ்ச நேரம் படுத்திருந்தாங்க." அவ்வளவுதான்! அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, இதோ, சுவரோரம் நிற்கிறார்கள். இன்றுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. நர்ஸம்மா, நீங்கள் நடத்திய பாடத்தில் அத்தனை பேரும் நூற்றுக்கு நூறு!

அவர் காத்த ரகசியத்தை நான் இன்று உடைத்துவிட்டேனே, சரியா? சரிதான். அது என்னுடையது, என் வாயால் வர வேண்டியது. நேற்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டார்கள், நர்ஸம்மா போய்விட்டார், இனி அந்த வலிப்புப் பாட பீரியட் கிடையாது என்று. கேட்டதும் மனம் பதறியது. அடுத்து விழப்போகும் பிள்ளையைச் சுற்றி யார் நிற்பார்கள்?

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். என் கணவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. புது நர்ஸ் வரும்வரை அந்த பீரியடை நான் நடத்துவேன். திங்கட்கிழமை ஆறாம் வகுப்பில் தொடங்குகிறேன். என் வேலைக்கு என்ன ஆகும் என்பதை ஐயா தீர்மானிக்கட்டும். வகுப்புக்குள் போனதும் நான் சொல்லப்போகும் முதல் வாக்கியம் இதுதான்: "பிள்ளைகளே, எனக்கு வலிப்பு உண்டு. இப்போது நான் இங்கே விழுந்தால், நீங்கள் என்ன செய்வீர்கள்?"